செயலாளர் ஆண்டறிக்கை: மக்கும் ஃபோமும் கார்பன் நானோட்யூபும்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு கணக்க பொருளாளர் தனியா வாசிப்பாரு, நான் நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். இந்த வருஷம் நம்ம கூட்டங்கள்ல அதிகமா பேசினது மக்கும் பாலிமர் ஃபோம்ல, அதாவது மக்கக்கூடிய பிளாஸ்டிக்க குமிழி குமிழியா ஊதி பண்ற நுரைப்பொருள்ல, கார்பன் நானோட்யூப், அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசான கார்பன் குழாய் சேர்க்குறதப் பத்திதான்.

புதுசா சேர்ந்தவங்க எதுக்கு இத சேர்க்கணும்னு கேட்டாங்க, நல்ல கேள்வி. பிஎல்ஏ (சோளம், கரும்பு மாதிரி பயிர்லேர்ந்து பண்ற பிளாஸ்டிக்) மாதிரி பாலிமர் உருகினா ரொம்ப தளர்ந்துடும், கேஸ் விரியுறப்ப குமிழியோட சுவர் தாங்காம கிழிஞ்சு பக்கத்து குமிழியோட சேர்ந்துடும், கடைசில ஃபோமே அமுங்கிடும். எடையில ஒரு சதவீதம் போல நானோட்யூப் கலந்தாகூட உருகினது கெட்டிப்படும், ட்யூப் ஓரத்துல குமிழி உருவாக இடமும் கிடைக்கும், அதனால குமிழிங்க சின்னதா, நெருக்கமா, ஒரே சீரா வரும். ஊதுறதுக்கு கார்பன் டை ஆக்சைடே போதும், 31 டிகிரி செல்சியஸும் சுமார் 74 பாரும் தாண்டினா அது சூப்பர்கிரிட்டிக்கல் (வாயு மாதிரியும் திரவம் மாதிரியும் நடந்துக்குற நிலை) ஆகி பாலிமருக்குள்ள நல்லா ஊறும், அப்புறம் அழுத்தத்த சட்டுனு இறக்கினா பொங்கிடும். இந்த ஒரு விஷயத்துக்கே ரெண்டு கூட்டம் பத்தல.

ஆனா ட்யூபுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நூல் சிக்கு மாதிரி கெடந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, வலு ஏறாது, அந்த இடத்துலயே விரிசலும் விடும். நல்லா பரவி ஒண்ண ஒண்ணு தொடுற அளவுக்கு வந்துட்டா ஃபோம்ல கரண்டே ஓடும், மின்காந்த அலைய தடுக்குற லேசான கவசம் பண்ணலாம்ங்கிற ஆசை அங்கதான் வருது.

நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறது இதத்தான். பாலிமர் மக்குது, அதுவும் பிஎல்ஏவுக்கு 58 டிகிரி போல சூடு இருக்குற கம்போஸ்ட் ஆலை வேணும். ட்யூப் அப்படி மக்காது. சில என்சைம் அத உடைக்கும்னு 2010ல ஆய்வு வந்துச்சு, ஆனா மண்ணுல அது தானா நடந்துடும்னு நம்பிட முடியாது. நீளமான, விறைப்பான ட்யூப் சில எலிகளோட உடம்புல ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி வேலை பண்ணுச்சுன்னு 2008லயே காட்டிருக்காங்க. அதனால கவசமாவோ சென்சாராவோ வேலை செஞ்சு திரும்ப சேகரிக்க முடியுற பொருளுக்கு இது சரி, ஒரு தடவ யூஸ் பண்ணி தூக்கிப்போடுற பேக்கிங்குக்கு வேண்டாம்ங்கிறது என் உறுதியான கருத்து. அந்த பேக்கிங்குக்கு செல்லுலோஸ் நானோஃபைபர் (செடி நார்லேர்ந்து எடுக்குற ரொம்ப மெல்லிசான இழை) இருக்கு, கரண்ட் கடத்தாது, ஆனா அதுவும் சேர்ந்து மக்கும்.

வர்ற வருஷம் முதல் கூட்டத்துல இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சு பேசலாம்னு செயற்குழு சார்பா முன்மொழியுறேன்.