பொங்கியதும் இறக்கிவிடாதே

அன்புள்ள கண்ணம்மா,

மாதவிலக்கு நிற்கும் இந்த மெனோபாஸ் வயதில், நடுராத்திரியில் திடீரென்று உடம்பு அனலாய்க் கொதித்து, தலையணை நனைய விழித்துக்கொள்வதாகச் சொன்னாய். சோயா சாப்பிட்டால் நிற்குமா என்று கேட்டாய். நிற்கும் என்று சொல்லமாட்டேன், குறையலாம்.

சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்ற பொருள் இருக்கிறது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போய் ஒட்டும் இடங்களில் இதுவும் ஒட்டும், ஆனால் அதன் வலு மிகக் குறைவு. ஐசோஃப்ளேவோன் மாத்திரைகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வந்த தொகுப்பில், மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களைவிட அனல் வரும் தடவை சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கமோ 2023இல் அனலுக்குச் சிகிச்சையாக சோயாவைப் பரிந்துரைக்கவில்லை. முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. குடலைப் பொறுத்தும் பலன் மாறலாம். சிலருடைய குடல் கிருமிகள் சோயாவிலிருந்து ஈக்வால் என்ற பொருளைச் செய்யும், பலருக்குச் செய்யாது. அதனால் 3 மாதம் விடாமல் சாப்பிட்டு, ஒரு நாளில் எத்தனை தடவை அனல் வருகிறது என்று குறித்து வா. பத்து நாளில் தீர்ப்புச் சொல்லாதே.

அனல் குறையாவிட்டாலும் சோயா வீண்போகாது. இந்த வயதில் தசை கரையும், கெட்ட கொழுப்பு ஏறும். சோயாவில் நல்ல புரதம் உண்டு. எல்டிஎல் என்ற அந்தக் கெட்ட கொழுப்பையும் கொஞ்சம் இறக்கும். தினமும் ஒரு டம்ளர் சோயா பாலும் சோயா பாலை உறையவைத்துச் செய்யும் டோஃபு 100 கிராமும் போதும், ஏறக்குறைய 50 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் கிடைத்துவிடும். சோயா எண்ணெயையும் சோயா சாஸையும் கணக்கில் சேர்க்காதே, அவற்றில் அது இல்லை என்றே வைத்துக்கொள்.

பாலை வீட்டில் செய்வதானால் இங்கேதான் கவனம் வேண்டும். 100 கிராம் காய்ந்த சோயாப் பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. பச்சைத் தண்ணீரில் அரைத்தால், பயறிலுள்ள ஒரு நொதி அதன் கொழுப்போடு சேர்ந்து பச்சை வாடையைக் கிளப்பிவிடும். கொதித்த தண்ணீரை ஊற்றி அரை. மிக்ஸி ஜாரில் பாதிக்கு மேல் போகாதே, ஆவி மூடியைத் தூக்கி எறியும். மொத்தம் 800 மில்லி தண்ணீர் சேர்த்து, துணியில் வடிகட்டி, பெரிய பாத்திரத்தில் அடுப்பில் வை.

கொதிநிலை வருவதற்கு முன்னாலேயே நுரை குபுகுபுவென்று விளிம்புவரை ஏறும். பால் காய்ந்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள், அது தவறு. அது வெறும் நுரை. தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் கிளறி, நுரை அடங்கி நிஜமாகக் கொதிக்க ஆரம்பித்த பிறகு 15 நிமிடம் கொதிக்கவிடு. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் சோயாவில் இருக்கிறது; சூடு போதாவிட்டால் அது அழியாது. வயிறு உப்புசமும் குமட்டலும் அதனால் வரலாம். பலர் "சோயா எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று நிறுத்துவதும் இதனால் இருக்கலாம். முழு சோயாப் பயறை வேகவைக்கும்போதும் குக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதே, நுரை ஆவித்துளையை அடைத்துவிடும்.

வீட்டுப் பாலில் கால்சியம் குறைவு. கால்சியம் சேர்த்த பாக்கெட் பால் வாங்கினால் நன்றாகக் குலுக்கி ஊற்று, சேர்த்தது அடியில் தங்கிவிடும். டோஃபுவில் கால்சியம் சல்பேட் போட்டு உறையவைத்ததாகப் பார்த்து எடு.

மார்பகப் புற்றுநோய் பயத்தில் சோயா உணவை ஒதுக்க வேண்டாம். உணவாகச் சாப்பிடுவது பாதுகாப்பானது என்று அமெரிக்கப் புற்றுநோய் சங்கமே சொல்கிறது. ஐசோஃப்ளேவோன் மாத்திரை வேறு விஷயம், டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதே. தைராய்டு மாத்திரை போடுகிறாயானால் காலையில் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு, சோயாவை 4 மணி நேரம் கழித்து எடு. சேர்ந்து போனால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. மாதவிலக்கு ஓராண்டு நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் போ. குறிப்பு நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா