ரூட்டர் டெண்டரில் இடம்பெறாத கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய வளாகங்களுக்கு ரூட்டர் வாங்கக் கோரப்படும் டெண்டர்கள் பலவற்றைப் பணிக்காலத்தில் படித்திருக்கிறேன். "10 ஜிகாபிட் வேகம்" என்ற ஒரு வரியை எழுதிவிட்டு, மீதியைக் குறைந்த விலை தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுவதே அவற்றில் வழக்கமாக இருந்தது.

அந்த வேகம் எந்த அளவுப் பாக்கெட்டில் (தரவு பிரிந்து பயணிக்கும் சிறு துண்டு) அளக்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. 1518 பைட் பாக்கெட்டுகளானால், 10 ஜிகாபிட் இணைப்பு நிரம்ப நொடிக்கு ஏறத்தாழ 8 லட்சம் போதும். 64 பைட் என்றால் அதே இணைப்பில் ஏறத்தாழ 1.49 கோடி வந்து குவியும்; ஒவ்வொன்றையும் ரூட்டர் தனித்தனியே பார்த்து அனுப்ப வேண்டும். பெரிய பாக்கெட்டில் காட்டிய வேகத்தை நம்பி வாங்கிய ஒரு ரூட்டர், புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6-ஐயும், எந்தப் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று வடிகட்டும் விதிகளையும் இயக்கிய அன்றே திணறியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பழைய முகவரி முறையான ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்து ஓடும் இடத்தில் பாதை அட்டவணைக்கான (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) நினைவகம் எவ்வளவு என்பதோடு, அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதும் முக்கியம். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக ஐபிவி4 அட்டவணை 512கே (ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பாதைகள்) எல்லையைத் தாண்டியபோது, பழைய ரூட்டர்கள் சில தடுமாறி, இணையத்தின் பல பகுதிகள் முடங்கின. அவற்றுள் சிலவற்றில் நினைவகம் இருக்கத்தான் செய்தது; ஐபிவி4-க்கு ஒதுக்கிய பங்குதான் நிரம்பியிருந்தது, பங்கை மாற்ற ரூட்டரை மறுபடியும் இயக்க வேண்டியிருந்தது. ஒரே நிறுவனத்திடம் இணைப்புப் பெறும் வளாகத்துக்கு முழு அட்டவணை தேவையில்லை என்பது உண்மையே; ஆனால் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி, இரண்டிடமிருந்தும் முழு அட்டவணையைப் பெற விரும்புவோர் இதைக் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது.

உள் வலையமைப்பிலும் இதே கவனம் வேண்டும். ரூட்டர்கள் தமக்குள் பாதைகளைத் தெரிவித்துக்கொள்ள உதவும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்-இன் இரண்டாம் பதிப்பு ஐபிவி4 பாதைகளை மட்டுமே அறியும். ஐபிவி6-க்கு மூன்றாம் பதிப்பையும் இயக்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஐஎஸ்-ஐஎஸ் என்ற நெறிமுறையோ ஐபிவி4, ஐபிவி6 பாதைகள் இரண்டையும் ஒன்றாகவே சுமக்கும். ஏற்கெனவே உள்ள பிற நிறுவனக் கருவிகளோடு எது ஒத்துப்போகும் என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நெறிமுறைகளுக்குத் தனி உரிமக் கட்டணம் உண்டா என்பதையும் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குவது நல்லது.

எனவே, இறுதி ஆணைக்கு முன் தேர்வான ரூட்டரை இரு வார காலம் வளாகத்திலேயே, தேவையான எல்லா நெறிமுறைகளையும் விதிகளையும் இயக்கிச் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையை டெண்டர்களில் சேர்க்குமாறு சம்பந்தப்பட்ட துறையினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வலையமைப்புப் பொறியாளர்,
திருச்சி