கிளியூர் அருவிப் பாதையின் தொடக்கத்தில் தினசரி நீர்வரத்துப் பலகை வைக்கவும், பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
அம்மாபேட்டை, சேலம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
சேலம் வனக்கோட்டம், சேலம்.

பொருள்: ஏற்காடு கிளியூர் அருவிக்கு இறங்கும் காட்டுப்பாதையில் ஏரி நிலவரத்தைத் தினமும் எழுதி வைப்பது, உள்ளூர்க் காவலர்களை நியமிப்பது, கடைசிப் பாறைப் பகுதியில் கயிறு கட்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சேலத்தில் 31 வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்த காலத்திலிருந்தே வருடத்துக்கு நாலைந்து முறையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேர்வராயன் மலைக்குப் போவது வழக்கம். இப்போது பழைய மாணவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்து நடக்கிறோம். கிளியூர் அருவிக்கு மட்டும் எத்தனை தடவை இறங்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்தப் பாதைமேல் உள்ள பிரியத்தால்தான் இந்த மனுவை எழுதுகிறேன். யார்மேலும் புகார் சொல்வதற்காக அல்ல.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் போயிருந்தோம். காலையில் வானம் நன்றாக வெளுத்திருந்தது. படிகளில் இறங்கி, படி முடிந்த பிறகு பாறைகளைப் பிடித்துப் பிடித்து அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. சின்னப் பிள்ளைகள் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

முதலில் மாறியது நிறம்தான். தண்ணீரின் ஓரமாக ஒரு செம்பழுப்புக் கோடு ஓடி வந்தது, வெந்நீரில் டீத்தூள் இறங்குகிற மாதிரி. அதன் பின்னாலேயே சில்வர் ஓக் இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. எங்கள் தலைக்குமேல் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்ததால், இத்தனை வருடம் ஆறும் மழையும் பாடம் நடத்திய எனக்கே சட்டென்று உறைக்கவில்லை. மேலே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்த உள்ளூர் இளைஞர்தான் கத்தினார்: “அம்மா, தண்ணி கலங்குது, எல்லாரையும் மேல ஏத்துங்க!” பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஏறினோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் சோற்றுப் பொட்டலத்தை விட்டுவிட்டு வந்த பாறைமேல் தண்ணீர் புரண்டு போனது. அந்த அவசரத்தில் என் தங்கை மகள் பாசி படிந்த பாறையில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது.

அந்த இளைஞரும் அவருடைய ஊர்க்காரர்கள் மூன்று பேரும் இரண்டு கம்புகளைக் கொண்டுவந்து, ஒரு பெட்ஷீட்டை முடிந்து டோலி கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றி அவளை ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. காசு கொடுத்தபோது வாங்கவில்லை. அவள் இப்போது நன்றாக நடக்கிறாள். ஆனால் அந்த நாலு பேர் அன்றைக்கு அங்கே இல்லாமல் போயிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கிளியூர் அருவி தானாக ஊறி வரும் அருவி இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. 300 அடி உயரத்திலிருந்து விழும் அந்தத் தண்ணீர், ஏற்காடு ஏரி நிரம்பிக் கோடி போகும் தண்ணீர், அதாவது ஏரி கொள்ளாமல் வழிந்தோடும் உபரிநீர். ஏரிக்கும் அருவிக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர்தான். சேர்வராயன் மலை கெட்டியான சார்னோகைட் பாறை. மண் மெல்லிதாக உள்ள சரிவுகளில் கனமழை பெய்தால் உள்ளே இறங்குவது கொஞ்சம், வழிந்தோடுவதுதான் அதிகம். ஏரி ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தால் வருவது அத்தனையும் அப்படியே கோடி தாண்டி ஓடையில் இறங்கிவிடும். பள்ளத்தில் நிற்பவருக்கு அது தெரிய வழியில்லை. மலைச்சரிவும் மரங்களும் வானத்தில் பாதியை மறைத்துவிடுகின்றன. அருவி இரைச்சலில் தூரத்து இடிகூடக் காதில் விழாது.

ஆனால் கீழே நிற்பவருக்குத் தெரியாத இந்த விஷயம், மேலே ஏரிக்கரையில் நிற்கும் யாருக்கும் ஒரு பார்வையில் தெரியும். அந்தச் செய்தி 3 கிலோமீட்டர் தாண்டிப் பாதையின் வாசலுக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை. படிகள் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்பலகை போதும். தினமும் காலையில் ஒரு முறை, மழைக்காலத்தில் மதியம் இன்னொரு முறை, ‘ஏரி கோடி போகிறது’, ‘ஏரி நிரம்பியுள்ளது, மழை வந்தால் இறங்காதீர்’, ‘ஏரியில் நீர் குறைவு, அருவியில் தண்ணீர் இல்லை’ என்று மூன்றில் ஒன்றை எழுதி, தேதியும் நேரமும் போட்டால் போதும். ஏரிக்கரையிலிருந்து ஒரு போன் செய்தால் எழுதிவிடலாம். டிஜிட்டல் பலகை வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். பனியிலும் மின்தடையிலும் அது நின்றுபோகும், சாக்பீஸ் நிற்காது.

இந்தப் பலகை கோடையிலும் பயன்படும். மே மாதம் கோடை விழாவுக்கு வருகிற கூட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள், வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் வைத்துக்கொண்டு, வெயிலில் அத்தனை படியும் இறங்கிப் போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வருகிறார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, “தண்ணியே இல்லைன்னு மேலயே ஒருத்தர் சொல்லியிருக்கலாமே தாயி” என்று என்னிடம் சொன்னது மறக்கவில்லை.

பலகையோடு ஆளும் வேண்டும். கூட்டம் வரும் நாட்களிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு பேரை விசிலோடு நிறுத்த வேண்டும். அவர்கள் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி பழங்குடி இளைஞர்களாக இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். தண்ணீர் கலங்குவதை என்னைவிட முன்னால் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, அந்தத் தம்பியின் கண்தான். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் மக்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருப்பது மிக நல்ல காரியம். அதே முறையைக் கிளியூருக்கும் கொண்டுவந்து, கிராம வனக்குழு மூலமாக அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்கச் செய்யுங்கள். அன்று காசு வாங்க மறுத்தவர்களுக்கு அது கௌரவமான வேலையாக இருக்கும்.

படி முடிந்து பாறை தொடங்கும் கடைசிப் பகுதியில் கைப்பிடிக்கத் தடித்த கயிறோ சங்கிலியோ கட்டித் தர வேண்டும். அங்கே ஒரு ஸ்ட்ரெச்சரும் முதலுதவிப் பெட்டியும் இருந்தால் இன்னொரு பெட்ஷீட்டைத் தேட வேண்டியிருக்காது. சிமென்ட் போட்டுவிட வேண்டாம் ஐயா. பாசி பிடித்தால் சிமென்ட் தரையும் பாறையைப் போலவே வழுக்கும், அப்புறம் அந்த இடம் காடாகவும் இருக்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு மனு வந்தால் பாதையையே மூடிவிடலாம் என்ற யோசனையும் எழக்கூடும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதையும், அதன்பின் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்ததையும் அறிவேன். அந்தக் கட்டுப்பாடுகளை முழு மனதோடு வரவேற்கிறேன். அனுமதிச் சீட்டு, கட்டணம், ஆள் கணக்கு எது வைத்தாலும் எங்களுக்குச் சம்மதம். ஆனால் கதவைப் பூட்டினால் வருகிறவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். தோட்டங்களுக்குள் புகுந்து, கண்ட சரிவிலும் இறங்குவார்கள், கீழே இருப்பது யாருக்கும் தெரியாமலே. என் வகுப்பில் படித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு ஏரி, ஓடை, அருவி, பள்ளத்தாக்கு என்பதெல்லாம் புத்தகத்தில் வந்த சொற்களாகத்தான் இருந்தன. அந்தப் படிகளில் இறங்கிய அன்றுதான் அவை ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே தண்ணீராக அவர்களுக்குப் புரிந்தன. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். அதைக் கண்ணால் பார்க்கிற இடம் இது.

மாலை நாலு மணிக்கு மேல் யாரையும் இறங்க விடாமல் இருப்பதும் நல்லது. இருட்டும் நேரத்தில் காட்டெருமை நடமாட்டம் உண்டு என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். கண்ணாடி பாட்டில்களை மேலேயே வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருந்தால், தண்ணீரில் கால் வைக்கிற குழந்தைகளுக்கு உதவியாக இருக்கும்.

பாதை, ஏரி, சாலை என்று பல துறைகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் இந்த மனுவின் நகலை அனுப்பியுள்ளேன். பலகை செய்யும் செலவை எங்கள் நடைக் குழுவே ஏற்றுக்கொள்ளும். முதல் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களில் இரண்டு பேர் வந்து நின்று எழுதவும் தயாராக இருக்கிறோம். வருகிற ஐப்பசி மழைக்கு முன்பாகவே பலகையையும் கயிற்றையும் அமைக்க ஆவன செய்யுமாறும், இடத்தைத் தாங்களோ வனச்சரகரோ பார்வையிடும் நாளைத் தெரிவித்தால் நானும் உடன் வந்து தண்ணீர் ஏறிய அடையாளத்தைக் காட்ட முடியும் என்பதால் அந்த நாளைத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: சேலம்

இணைப்பு: பாதையின் கைவரைபடம் 1, புகைப்படங்கள் 6
நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், சேலம்