இடது பக்கம்

அல்சூர், பெங்களூரு

அன்பு கோமதிக்கு,

பொங்கலுக்குப் பேசியதுதான். அப்புறம் நீ மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள், இப்போது இதைப் படி. அம்மா விழுந்துவிட்டாள்டி.

விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனவள் ஈரப் படியில் வழுக்கி வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்பு மூட்டின் உருண்டைக்குக் கீழே குறுகலாக இருக்கும் பகுதி, முறிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஆபரேஷன், இடுப்பு மூட்டையே மாற்றினார்கள். எலும்பு மெலிந்திருந்ததால் சிமெண்ட் வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். பல்செட் செய்கிறார்களே, அந்த அக்ரிலிக் வகைதான் இந்த சிமெண்ட். இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வருகிறாள். வந்ததும் என் ரசத்துக்கு மார்க் போடுகிறாள். ஹாஸ்டலில் நீ போட்டதைவிடக் குறைவு.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வலது கால் இல்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். உடம்புக்குள் பொருத்தும் இம்ப்ளாண்டையும் எலும்பையும் கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, பாரம் ஏற்றி, எங்கே எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்போம். டைட்டானியம் எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பு. பாரத்தை அது வாங்கிக்கொண்டால் சுற்றியிருக்கும் எலும்பு வேலையில்லாமல் மெலிந்துபோகும். எங்கள் மீட்டிங்கில் முக்கால்வாசி நேரம் இந்தப் பேச்சுதான். பதினோரு வருஷமாக உலோகத்தைத்தான் இழைத்து இழைத்துப் பார்த்திருக்கிறேன். எலும்பு எப்போதும் ஒரே பொது மாடல், ஒரு நல்ல திடகாத்திரமான ஆளுடையது.

எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியவில்லை என்று அம்மாவுக்கு சிடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். போன வாரம் அவள் தூங்கிய பிறகு அந்த ஸ்கேனைத் திறந்தேன். முறியாத இடது தொடையும் அதில் முழுசாக இருந்தது. சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, கெட்டி எலும்புக்கு 1000-க்கு மேல். அந்த எண்ணிலிருந்து அடர்த்தியையும், அடர்த்தியிலிருந்து விறைப்பையும் கணக்கிடுவோம். அம்மாவின் எலும்புக் கழுத்தின் நடுவில் மௌஸை வைத்தால் சில இடங்களில் எண் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அங்கே எலும்பே இல்லை கோமதி, வெறும் கொழுப்பு. சுற்றிலும் ஓர் ஓடு, அவ்வளவுதான்.

முதலில் நடக்கிற பாரத்தைப் போட்டேன். நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு இறங்கும். ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தில் உடம்பு சாயாமல் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன, அந்த இழுவையும் மூட்டின் மேல்தான். அம்மா 46 கிலோ, அப்படியானால் சுமார் 115 கிலோ. எலும்பு நன்றாகவே தாங்கியது. நடையில் அமுங்குவது கழுத்தின் அடிப்பக்கம். வாழ்நாள் முழுக்க அந்த வேலையைச் செய்ததால் அங்கே ஓடு தடிமன்.

பிறகு பக்கவாட்டில் விழுவதைப் போட்டேன். எல்லாம் தலைகீழாகிவிட்டது. அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் அமுங்குகிறது. அந்த மேல்பக்கத்து ஓடு முட்டை ஓடு மாதிரி இருக்கிறது. அமுக்கத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே எலும்பு விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கும். நான் பாரத்தைப் பாதி ஏற்றும்போதே திரையில் அந்த இடம் சிவப்பாகிவிட்டது, தாங்காது என்று அர்த்தம். என் ஆயுசில் எத்தனையோ சிவப்புப் புள்ளி பார்த்திருக்கிறேன். அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "படம் இல்லாமலே எனக்கும் இதே பயம்தான்" என்றார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் மைனஸ் 3.2. மைனஸ் 2.5-க்கு வந்தாலே ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு மெலியும் நோய். எலும்புக்கு மருந்து ஆரம்பித்தாயிற்று. பாத்ரூமில் கைப்பிடி, படியில் சொரசொரப்பான டைல், எல்லாம் முடிந்தது.

ஆனால் அவள் அடுத்த மாதம் வாசல் தெளிக்கப் போவதாகச் சொல்கிறாள். சோமேஸ்வரர் கோயில் மணி அடிக்கும்போது வீட்டு வாசல் காய்ந்து கிடக்கலாமா என்று கேட்கிறாள். நான் சொன்னால் "உன் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்" என்கிறாள். உன் பேச்சைத்தான் கேட்பாள், அது உனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் அவளுக்கு போன் பண்ணு. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
மீனா