முட்டி வலி: விலகியதை எழுதுகிறீர்கள், திரும்பி வந்ததை?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ‘முழங்கால் காயத்தால் விலகல்’ என்ற செய்தி அடிக்கடி வருகிறது. விலகியவர் மறுபடி ஆட வருவதற்குள் என்ன செய்தார் என்பது வருவதே இல்லை. வந்திருந்தால் எங்கள் வீட்டில் 8 மாதம் வீணாகியிருக்காது.

என் மகன் கல்லூரி டென்னிஸ் அணியில் ஆடுகிறான். சர்வ் போட்டு இறங்குகிற இடது காலில் வலி. முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே ஒற்றை விரலை வைத்து ‘இங்கேதான்மா’ என்று காட்டுவான். ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும், மறுநாள் காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி இறங்குவான். கோச் முட்டிக்கு உறை (knee cap) போடச் சொன்னார், பக்கத்து வீட்டில் தைலம் கொடுத்தார்கள், அப்புறம் ஒரு மருத்துவர் 3 வாரம் ஓய்வு என்றார். ஓய்வில் வலி போனது, மட்டையைத் தொட்டதும் திரும்ப வந்தது. இப்படியே மூன்று தடவை.

கடைசியாகப் பார்த்த பிசியோதான் (உடற்பயிற்சி மூலம் சிகிச்சை தருபவர்) புரிய வைத்தார். சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கிற தசைநாண் அது. குதித்து இறங்கும்போதும், ஓடி வந்து சட்டென நின்று திரும்பும்போதும் அதன்மேல்தான் பாரம் விழுகிறது, அதுவும், கால் சறுக்குகிற களிமண் தரை போலில்லாமல் காலைப் பிடித்து நிறுத்துகிற சிமென்ட் கோர்ட்டில். சும்மா இருந்தால் வலி அடங்குமே தவிர, அந்த நாணுக்குப் பலம் வராது. சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்க வேண்டும்.

முதலில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்காருகிற மாதிரி 45 விநாடி, 5 தடவை. தொடை வெடவெடவென்று நடுங்கும். சில வாரம் கழித்து எடையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து எழுவது. குதிப்பதெல்லாம் கடைசியில்தான். பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். தினமும் காலையில் அவன் முதல் படி இறங்கியதும் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு நான் நோட்டில் குறித்தேன். 12 வாரத்தில் 6 என்பது 1 ஆனது.

எல்லா முட்டி வலியும் இது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வளரும் பிள்ளைகளின் வலி வேறு வகையாகவும் இருக்கலாம்.

டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலுக்கும் இதே இடது முழங்கால்தான். 2012 விம்பிள்டனில் 2-ஆவது சுற்றில் தோற்றபின் 7 மாதம் ஆடவில்லை, 2013-இல் பிரெஞ்சு ஓபனையும் அமெரிக்க ஓபனையும் வென்றார். அந்த 7 மாதத்தில் என்ன சிகிச்சை, என்ன பயிற்சி என்பதைத்தானே எங்களைப் போன்ற பெற்றோர் படிக்க வேண்டும்? வாரம் ஒரு கால் பக்கம் போதும், ஒரு பிசியோவைக் கேட்டு எழுதுங்கள். அதை வெட்டி எங்கள் கோர்ட் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
டென்னிஸ் ஆடும் மகனின் தாய்,
திருச்சி