திருவுளம் தேடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

பெங்களூர் வேலையில் தொடர்வதா, மலைக்கிராமத்து மிஷன் பள்ளிக்கு ஆசிரியையாகப் போவதா, இதில் ஆண்டவரின் திருவுளத்தை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டிருந்தாய். எந்தப் பக்கம் போ என்று நான் சொல்லப்போவதில்லை. எப்படித் தேர்வது என்பதை மட்டும் எழுதுகிறேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் எழுதத் தொடங்கி, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்த 'ஆன்மப் பயிற்சிகள்' என்ற நூலில் உள்ள முறை இது. தியான இல்லங்களில் இயேசு சபைக் குருக்கள் இன்றும் இதைத்தான் கற்றுத்தருகிறார்கள்.

எல்லாக் கேள்வியையும் இந்த முறைக்குள் கொண்டுவர முடியாது. பாவமான ஒன்றைச் செய்யலாமா என்று தேர்ந்து தெளிய எதுவும் இல்லை. திருமணம், குருப்பட்டம் போல ஒருமுறை ஏற்றால் மாற்ற முடியாதவற்றையும் மறுபடி தராசில் வைக்கக்கூடாது. உன் முன் இருக்கும் இரண்டும் நல்லவை, இரண்டுக்கும் நீ கட்டுப்பட்டவள் அல்ல. ஆகவே தாராளமாகத் தேடலாம்.

தொடங்கும் முன் மனம் எங்கே சாய்ந்திருக்கிறது என்று பார். இஞ்ஞாசியார் மூன்று வகை மனிதர்களைக் காட்டுகிறார். மூவரிடமும் பத்தாயிரம் பொற்காசு இருக்கிறது, அதன் மேல் உள்ள பற்று மூவரையும் உறுத்துகிறது. முதலாமவர் பற்றை விட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே, எதுவும் செய்யாமல் செத்துப்போகிறார். இரண்டாமவர் பற்றை விடத் தயார், பணத்தை விடத் தயாரில்லை. தான் நிற்கும் இடத்துக்குக் கடவுள் வரட்டும் என்கிறார். மூன்றாமவருக்கு வைத்திருப்பதும் விடுவதும் ஒன்றுதான், கடவுள் எதை விரும்புகிறாரோ அதுவே போதும். பக்தியுள்ளவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை என்பது என் எண்ணம். முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கு ஆசீர்வாதம் கேட்பதைத்தான் பலர் திருவுளம் தேடுவது என்கிறார்கள். சம்பளத்தின் பக்கமோ, 'தியாகம் செய்தவள்' என்ற பெயரின் பக்கமோ சாய்வு தெரிந்தால், அதற்கு எதிரானதைத் தரும்படி ஆண்டவரிடமே கேள். மனம் நடுநிலைக்கு வரும்வரை கேள். சில நாள் பிடிக்கும்.

அதன்பின் தினமும் இரவில் கால் மணி நேரம் ஆன்மச் சோதனை. பெற்றதற்கு நன்றி, தூய ஆவியாரிடம் ஒளி கேட்டல், காலை முதல் மணிக்கு மணி அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம் என்று ஐந்து படி. உன் கேள்விக்காக ஒரு நோட்டில் இரண்டு வரி கூடுதலாக எழுது: இன்று பெங்களூரில் நீடிப்பதாக நினைத்தபோது, நினைப்பு ஓய்ந்த பிறகு மனம் எப்படி இருந்தது? பள்ளியை நினைத்தபின் எப்படி இருந்தது? 'ஓய்ந்த பிறகு' என்பதுதான் இங்கே முக்கியம். 1521-இல் பம்பலோனா போரில் கால் நொறுங்கி, லொயோலாவில் தன் வீட்டில் படுத்திருந்தபோது இஞ்ஞாசியார் கவனித்தது இதைத்தான். வீரசாகசக் கனவுகளும் இனித்தன, புனிதர்களைப் போல வாழும் நினைப்பும் இனித்தது. முன்னது கலைந்ததும் மனம் வறண்டது. பின்னது போன பிறகும் மகிழ்ச்சி தங்கியது.

ஆறுதல் என்றால் உற்சாகம் என்று எடுத்துக்கொள்ளாதே. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு மூன்றும் கூடினால் அது ஆறுதல். பாவத்துக்காக அழும் கண்ணீரும் அதில் சேரும். இருள், குழப்பம், செபிக்கச் சோம்பல், கடவுள் எங்கோ போய்விட்டார் என்ற நினைப்பு, இவை வறட்சி. வறட்சி தெரிந்தால் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பார். உடம்பு களைத்த நாளின் குறிப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதே.

இனி எழுதுவதை நன்றாகப் பிடித்துக்கொள். வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த எந்தத் தீர்மானத்தையும் மாற்றாதே. ஒரு மணி நேரம் செபிப்பதாக இருந்தால் எழுந்து ஓடாமல் இன்னும் சற்றுக் கூடுதலாக இரு. வறட்சி ஏன் வந்தது என்றும் தேடு. நம் அசட்டையால் வரலாம். ஆறுதல் இல்லாமலும் நாம் எவ்வளவு தூரம் நிற்போம் என்று சோதிக்க வரலாம். ஆறுதல் நம் சம்பாத்தியமல்ல, கொடை என்று உணர்த்தவும் வரலாம். முதலாவது காரணத்தை மட்டும்தான் நீ திருத்த முடியும். மற்ற இரண்டுக்கும் பொறுமைதான் வழி.

அதேபோல உச்ச பரவசத்திலும் வாக்குக் கொடுக்காதே. முழு இரவு செபத்தில் கண்ணீரோடு எழுந்து நின்று, 'நான் போகிறேன்' என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மாதம் கசந்துபோவது நம் சபைகளில் அடிக்கடி நடக்கிறது. அந்த நேரத்து ஆறுதல் கடவுளிடமிருந்தே வந்திருக்கலாம். அது ஓய்ந்தபின் மனம் இன்னும் சூடாக இருக்கும்போது நாமே போடும் திட்டங்களும் அவரிடமிருந்து வந்தவை என்று நம்பிவிடுகிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். நேர்மையாக வாழ முயலும் ஆளிடம் நல்ல ஆவி பஞ்சில் விழும் நீர்த்துளி போல ஓசையின்றி நுழையும், தீய ஆவி கல்லில் விழுவதுபோலச் சத்தத்தோடும் பதற்றத்தோடும் வரும். 'இன்றே, இப்போதே' என்று நெருக்கும் குரலைச் சந்தேகி.

பைபிளைக் கண்மூடித் திறந்து வசனம் எடுப்பதை விட்டுவிடு. பழைய ஏற்பாட்டில் கிதியோன் கம்பளியை விரித்து அடையாளம் கேட்டது ஆண்டவர் ஏற்கெனவே தெளிவாகச் சொன்ன பிறகு, தன் அச்சத்தால். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேரத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டது, தூய ஆவியார் இறங்கிய பெந்தக்கோஸ்து நாளுக்கு முன். ஆவியாரைப் பெற்றபின், திருத்தூதர் பணிகள் 15-ஆம் அதிகாரத்தில், அவர்கள் உட்கார்ந்து வாதிட்டு, கேட்டு, பிறகுதான் முடிவை எழுதினார்கள்.

மனதில் ஆறுதல், வறட்சி என்று எந்த அசைவும் தெளிவாகத் தெரியாவிட்டால் அறிவைப் பயன்படுத்து. நீடிப்பதன் நன்மை, தீமை, போவதன் நன்மை, தீமை என நான்கு பத்தி எழுது. 1539-இல் உரோமையில் இஞ்ஞாசியாரும் அவருடைய முதல் தோழர்களும், தங்களில் ஒருவருக்குக் கீழ்ப்படியும் வார்த்தைப்பாடு எடுப்பதா என்று தேர்ந்தபோது, ஒரு நாள் எதிரான காரணங்களை மட்டும் சொன்னார்கள், மறுநாள் ஆதரவானவற்றை மட்டும். நீயும் ஒரே நாளில் இரண்டையும் எழுதாதே, பிடித்த பக்கம் தானே நீண்டுவிடும். எண்ணிக்கையையும் பார்க்காதே, கடவுளின் மகிமைக்கும் உன் ஆன்ம நலனுக்கும் எது உதவும் என்று எடைபோடு. முன்பின் தெரியாத ஒருத்தி இதே நிலையில் கேட்டால் என்ன சொல்வாய், சாகும் வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவாய் என்பதையும் கேட்டுக்கொள்.

முடிவு வந்ததும் அதை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்து உறுதி கேள். தம் சபைக் கோவில்களுக்கு நிலையான வருமானம் வேண்டாம் என்று தீர்மானிக்க இஞ்ஞாசியார் 1544-இல் நாற்பது நாள் திருப்பலியில் மன்றாடினார். உனக்குப் பத்துப் பதினைந்து நாள் போதும் என்று நினைக்கிறேன். அமைதி தங்கினால் சரி. முரண்டினால் நோட்டை முதலிலிருந்து வாசி. எந்த இடத்தில் பாதை திரும்பியது என்பது அதில் தெரியும்.

மறைத்து வைத்தால் சோதனை வளரும். ஆகையால் எல்லாவற்றையும் ஒரு ஆன்ம குருவிடம் திறந்து சொல். உன் முடிவால் லாபமோ நஷ்டமோ அடைகிறவர் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. பள்ளியை நடத்தும் அருட்சகோதரிகள் வேண்டாம், உன் மேலாளர் வேண்டாம், நானும் அம்மாவும் வேண்டாம். எங்களுக்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அதை உன் தராசில் நாங்கள் வைக்கலாகாது.

உறுதி கேட்கும் நாட்கள் முடியும்வரை ராஜினாமாக் கடிதம் எழுதாதே. பள்ளிக்கு ஜூனில் ஆள் தேவை என்றால் அவகாசம் கேள், கொடுப்பார்கள். வீட்டுக் கடன் தவணையை முதல் பத்தியிலோ நான்காவதிலோ மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா