கையெழுத்துப் போடாதே

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

உன் காற்பந்து கிளப் கையெழுத்துக் கேட்கிறது என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளை உன் அக்கா எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினாள். இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் நீ கையெழுத்துப் போடாதே. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

நான்கு மாதச் சம்பளம் பாக்கி. இரண்டு மாதத்தை இப்போது தருகிறார்கள். மீதியை நீ விட்டுவிட வேண்டும். இரு தரப்பும் மனமொத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசிப் பத்தியில்தான் சூது இருக்கிறது. இனி எந்த மன்றத்திலும் எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன் என்று உன்னிடமே எழுதி வாங்குகிறார்கள். அந்தப் பத்தியை எழுதியவருக்குக் காற்பந்து தெரியுமோ தெரியாதோ, பசித்திருக்கும் தொழிலாளியை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தோட்டத்தை விற்ற வருடம் நம் லயத்துக்கும் இப்படி ஒரு தாள் வந்தது. தோட்டத்துக் கணக்கர் கிராணி அதை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நாங்கள் கூடும் பெரட்டுக் களத்துக்கே கொண்டுவந்தார். அன்றைக்கே கையில் காசு என்றதும் வரிசையில் நின்று பெருவிரல் ரேகை வைத்தவர்கள் பலர். பிறகு வீட்டுக்காகவும் வேலை இழப்புக்கான ஈட்டுத்தொகைக்காகவும் அவர்கள் கேட்கப் போனபோது, அந்தத் தாளைத்தான் எடுத்து முகத்துக்கு நேராகக் காட்டினார்கள். நானும் உன் அப்பாவும் கையெழுத்துப் போடவில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டக் கிளையில் செயலவை உறுப்பினராக இருந்தவள் நான். போட்டிருந்தால் மறுநாள் யார் முகத்தில் விழித்திருப்பேன்? இழுத்தடித்தார்கள். ஆனாலும் வந்தது. இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டின் முன்பணம் அதுதான். நீ இடைநிலைப் பள்ளிக் குழுவுக்கு ஆடப் போட்டுக்கொண்ட முதல் பூட்ஸும் அந்தப் பணத்தில் வாங்கியதுதான். அந்தக் காலணியோடு நீ படுத்துத் தூங்கியது உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. படுக்கை விரிப்பெல்லாம் சேறு.

இப்போது சட்டத்தைச் சொல்கிறேன். உன் அக்கா ஈப்போவில் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பது இத்தனை வருடம் கழித்து நமக்கு உதவுகிறது. உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் ஆட்டக்காரர் விதிகளில் 14-ஆம் பிரிவை ஒட்டி, 2018 முதல் ஒரு துணைப்பிரிவு நடப்பில் இருக்கிறது. ஒரு கிளப் குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தை உரிய நாளில் கொடுக்கவில்லையென்றால், ஆட்டக்காரர் பாக்கியை எழுத்தில் கேட்டுக் குறைந்தது 15 நாள் தவணை கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் பணம் வராவிட்டால், நியாயமான காரணம் உண்டு என்ற நிலையில் அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். பாக்கியோடு, ஒப்பந்தத்தில் மிஞ்சியிருக்கும் காலத்துக்கும் நஷ்டஈடு கேட்கலாம். இடையில் வேறு கிளப்பில் சேர்ந்தால் அங்கே வாங்குவதைக் கழிப்பார்கள், அது நியாயம்தான்.

நீ மலேசியன், கிளப் இந்தோனேசியாவில். இரண்டு நாடு சம்பந்தப்பட்டதால் ஃபிஃபாவின் தகராறு தீர்வு மன்றத்துக்கே போகலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பு வந்து 45 நாளில் பணம் கட்டாத கிளப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாது. இந்தத் தடை மூன்று பதிவுக் காலம் வரை நீளும். ஆட்டக்காரர் சேர்க்க முடியாத கிளப் எவ்வளவு சீக்கிரம் பணத்தைத் தேடி எடுக்கும் என்று நினைத்துப் பார். ஆனால் நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இத்தனையும் காற்றில் போகும். அவர்கள் அவசரப்படுத்துவது வேறு எதற்கு?

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. இங்கே தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம், பிஎஃப்ஏஎம், இருக்கிறது. நீ இருக்கும் நாட்டில் ஏபிபிஐ இருக்கிறது. இரண்டும் ஃபிஃப்ப்ரோ என்ற உலகச் சங்கத்தில் சேர்ந்தவை. சங்கத்தில் சேர்ந்திருக்கிறாயா என்று நான் பலமுறை கேட்டேன். நீ ஒருமுறையும் பதில் சொன்னதில்லை. "அதெல்லாம் உங்கள் காலத்து வழக்கம்" என்று சிரித்தாய். எங்கள் காலத்தில் மழை பெய்தால் பெரட்டு இல்லை, பெரட்டு இல்லையென்றால் கூலி இல்லை. 1954-இல் சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் பொதுச்செயலாளராக உட்கார்ந்து முதலாளிகளோடு ஒப்பந்தம் பேசிப் பேசித்தான் ஒவ்வொரு காசும் ஏறியது. சங்கத்திலும் குறை உண்டு, எனக்குத் தெரியாதா? கூட்டத்தில் எழுந்து சத்தம் போட்டவளே நான்தான். ஆனாலும் தனியாகத் துரையின் பங்களா வாசலில் நின்று கேட்டு யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை.

உன் அக்காவிடம் நீ சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. "கோல் போடுகிறவனுக்கே சம்பளம் வரவில்லை, தற்காப்பு ஆட்டக்காரன் நான் போய் என்ன கேட்பது?" என்றாயாம். 1980-இல் மெர்டேக்கா அரங்கத்தில் நம் மலேசியக் குழு தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்த ஆட்டத்தை உன் பெரிய மாமா வாழ்நாள் முழுக்கப் பேசினார். ஒலிம்பிக் தகுதி கிடைத்தது. மாஸ்கோவை நாடே புறக்கணித்ததால் போகவில்லை, அது வேறு கதை. எல்லாரும் ஜேம்ஸ் வோங்கின் வெற்றிக் கோலைச் சொல்வார்கள். மாமா கோலைப் பற்றிப் பேசவே மாட்டார். தற்காப்பில் சோ சின் ஆன் எங்கே நின்றார், சந்தோக் சிங் எப்போது முன்னே போனார், பின்னால் கோல் காவலர் ஆறுமுகம் கையை நீட்டி என்ன கத்தினார் என்பதுதான் அவர் பேச்சு. அதற்கு முன்னால் எம். சந்திரன், தற்காப்பில் ஆடித் தேசியக் குழுவின் கேப்டனாகவும் இருந்தவர், 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனவர். இவர்கள் பெயர் கோல் கணக்கில் தேடினால் அதிகம் கிடைக்காது. மாமா இருந்திருந்தால் உன் பேச்சைக் கேட்டு உன்னிடம் ஒரு மாதம் பேசியிருக்கமாட்டார்.

ஆனால் அவர்களுக்கும் உனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மாமா கவனித்ததில்லை. நம் நாட்டில் 1989-இல்தான் லீக் அரைத் தொழில்முறை ஆனது. 1994-இல் முழுத் தொழில்முறை. அதற்கு முன்னால் பெரும்பாலும் வங்கியிலோ போலீசிலோ நகராண்மைக் கழகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். பகலில் அலுவலகம், மாலையில் பயிற்சி. காற்பந்துச் சங்கம் கைவிட்டாலும் மாதக் கடைசியில் வேலைச் சம்பளம் வந்துவிடும். உங்களுக்குப் பந்தைத் தவிர வேறு சம்பளம் இல்லை. அதனால் உன் சம்பளத்தைக் கேட்பதில் பேராசையும் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை. "ஜெர்சியை நேசிக்கிறவன் பணம் கேட்கமாட்டான்" என்று அந்த மேலாளர் சொன்னாராமே. அவர் தன் சம்பளத்தை எந்த ஜெர்சிக்கு விட்டுக்கொடுத்தார் என்று கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தொழில்முறை லீக் தொடங்கிய அந்த 1994-லேயே காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்ற விவகாரம் வெடித்தது. அடுத்த வருடம்வரை விசாரணை, கைது, தடை என்று எத்தனையோ ஆட்டக்காரர்களின் வாழ்க்கை முடிந்தது. அரங்கங்கள் காலியாகின. ஆட்டத்தை விலைபேசும் ஆட்கள் முதலில் தேடுவது கோல் காவலரையும் தற்காப்பு ஆட்டக்காரரையும்தான் என்று மாமா சொல்வார். தாக்குதல் ஆட்டக்காரர் வேண்டுமென்றே தவறவிட்டால் கூட்டம் பார்த்துவிடும். தற்காப்பில் ஒருவர் அரை அடி தாமதமாகத் திரும்பினால் யாருக்குத் தெரியும்? நான்கு மாதம் சம்பளம் வராதவர் எந்த விடுதியில் தங்கியிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். உன்னை நான் சந்தேகப்படவில்லை. யாராவது காபி குடிக்கக் கூப்பிட்டால் போகாதே, கூப்பிட்டதை எழுதிவை, சங்கத்திடம் சொல்.

உன் முழங்கால் பற்றி. ஊசி போட்டுக்கொண்டு ஆடினேன் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். எந்த மருத்துவர், என்ன மருந்து, எந்த ஆட்டத்துக்கு முன், எல்லாவற்றுக்கும் தாள் வாங்கி வை. பாக்கியைக் கேட்டதும் "அவருக்குக் காயம், ஆடவே தகுதியில்லை" என்று திருப்பி அடிப்பார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடு. 33 வயதில் உனக்கு மிச்சமிருக்கும் ஆட்டம் அந்தக் காலில்தான் இருக்கிறது.

மிச்சம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். சோ சின் ஆன் 1950-இல் பிறந்தவர், 1984 வரை நாட்டுக்கு ஆடினார். நடுத்தற்காப்பில் நிற்பவருக்கு வேகம் குறைந்தாலும் கண் முதிர்கிறது. நீ பதினெட்டு வயதில் பந்தைப் பார்த்து ஓடுவாய். இப்போது பந்து வருவதற்கு முன்பே ஆள் எங்கே திரும்புவான் என்று அவன் இடுப்பைப் பார்க்கிறாய். தொலைக்காட்சியில் எனக்கே தெரிகிறது. ஆனால் ஆட்டமும் மாறிவிட்டதே. 1992 வரை நெருக்கடி வந்தால் பந்தைப் பின்னால் தள்ளிவிடலாம், கோல் காவலர் கையில் எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு காலால் தள்ளியதை அவர் கையால் தொடக்கூடாது. 2019 முதல் கோல் கிக்கை அவர் பெனால்டி கட்டத்துக்குள்ளேயே உங்களிடம் தட்டிவிடுகிறார், எதிராளி மூச்சு விடும் தூரத்தில் நிற்க, நீங்கள் அங்கிருந்து ஆட்டத்தைக் கட்ட வேண்டும். சந்தோக் சிங்கிடம் இதைச் சொன்னால் அரங்கத்துக்கு வெளியே உதைத்திருப்பார். நீ இதை முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டாய். இது சின்னக் காரியமா?

இங்கே கிளப்புகள் நடுத்தற்காப்புக்கு உயரமான இறக்குமதி ஆட்டக்காரர்களைத்தான் தேடுகின்றன, உண்மைதான். இடம் கிடைத்தால் ஆடு. கிடைக்காவிட்டால் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பான ஏஎஃப்சியின் 'சி' பயிற்றுநர் சான்றிதழுக்குப் பதிந்துகொள். தமிழ்ப்பள்ளித் திடலில் மாலையில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். எல்லாரும் முன்னால் நின்று கோல் போடத்தான் பார்க்கிறார்கள், பின்னால் நிற்க ஒருவனும் இல்லை. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போகிறது.

சேமநிதியை மறக்காதே. வெளிநாட்டில் ஆடிய காலத்துக்கு உன் கணக்கில் யாரும் எதுவும் போடவில்லை. நீயாகவே கட்டலாம். 1960-இல் அமைச்சர் சம்பந்தன், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்க, நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது உன் தாத்தா, ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கூலியில், மாதம் பத்து வெள்ளி கட்டினார். நீ அதைவிட அதிகம் வாங்குகிறாய், வந்தால்.

இனி செய்ய வேண்டியது. அந்தத் தாளுக்கு "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் அனுப்பு, கோபமாக எதுவும் எழுதாதே. பாக்கியைக் கேட்கும் கடிதத்தை அக்கா எழுதிவிட்டாள். சங்கத்தில் காட்டிய பிறகு உனக்கு வரும். மின்னஞ்சலிலும் அனுப்பு, பதிவுத் தபாலிலும் அனுப்பு. 15 நாள் முடியும்வரை பயிற்சிக்குத் தவறாமல் போ. வேலைக்கு வரவில்லை என்று சொல்ல அவர்களுக்கு இடம் கொடுக்காதே. ஒப்பந்தத்தில் ஏழாம் பக்கம் மங்கலாக இருக்கிறது. தகராறு வந்தால் எந்த மன்றம் என்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்று அக்கா சொல்கிறாள். பகல் வெளிச்சத்தில் வைத்து மறுபடியும் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு.

அன்புடன்,
அம்மா